பனைமட்டை அரிவாள்

ஆம்பூரை அடுத்த ஒரு தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் கண்ணெதிரே ஒரு கொலை நடந்தது.

பதற வேண்டாம். செத்தவன் எழுந்து டிரவுசரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். அவனுக்கு வயது ஆறு இருக்கலாம். வெட்டியவனுக்குப் பத்து. ஆயுதம் பனைமட்டை, நுனியை வளைவாகச் சீவி, பிடிப்பக்கம் துணி சுற்றி, அரிவாள் போலவே செய்திருந்தார்கள். செய்த கை தேர்ந்த கை! விளையாடியவர்கள் எட்டுப்பேர். இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு கட்சியின் மணிக்கட்டில் கறுப்புத் தோல் வார். இன்னொரு கட்சியின் மணிக்கட்டில் பழுப்புத் தோல் வார். ஷூ கம்பெனியில் வெட்டித் தள்ளிய கழிவுத்துண்டுதான். அப்பன் சட்டைப் பையில் வந்திருக்கும், அல்லது அம்மாவின் சோற்றுப் பையில் வந்திருக்கும்.

அந்த ஆறு வயதுக்காரன் எழுந்து நின்று கேட்டான்:

"இன்னாடா இது, நேத்தும் நான்தான் செத்தேன், இன்னிக்கும் நானேவா?"

தெருவோரத்தில் பெரியவர்கள் நின்றிருந்தோம். சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. "பசங்க படு கெட்டி" என்றார் ஒருவர். பத்து வயதுக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பதில் சொன்னான்: "உங்க ஆளுங்கதாண்டா எப்பவும் சாவுவாங்க."

உங்க ஆளுங்க! எங்கே கற்றான் அந்தச் சொல்லை? எந்த வகுப்பில் அது பாடம்? எந்த ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டார்? "நான்", "நீ" என்று சொல்லப் பழகி ஏழெட்டு ஆண்டு ஆவதற்குள், "நாங்க" என்றும் "உங்க ஆளுங்க" என்றும் பிரித்துப் பேச அவனுக்கு யார் இலக்கணம் கற்பித்தார்கள்?

நீங்கள் தோல் தொழிலாளர்கள். உங்களுக்கு இதை விளக்க நான் வேண்டியதில்லை. பச்சைத் தோல் வருகிறது. ஊறப் போடுகிறோம். சுண்ணாம்புத் தொட்டியில் கிடக்கிறது, மயிர் உதிர்கிறது, சதை சீவப்படுகிறது. பிறகு, முன்னாளில் ஆவாரம்பட்டைத் தொட்டியில் நாள் கணக்காக ஊறியது. இந்நாளில் குரோம் டிரம்மில் சுழல்கிறது. மேல்பார்வைக்கு நிறம் ஏறிவிட்டாற் போதுமா? போதாது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, குறுக்கே பார்க்கிறோம். உள்ளே நடுப்பகுதியிலும் நீலம் ஏறியிருந்தால் சரக்குத் தேறியது என்கிறோம். அதன்பின் அந்த நீலத்தை வெளியே எடுக்க எந்த மேஸ்திரியாலும் முடியாது.

அந்தப் பையனின் பேச்சை நான் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நடுவரை நீலம்!

தொட்டியில் போட்டது யார்? எவரும் போடவில்லை. அவன் பிறந்ததே தொட்டிக்குள்!

"விளையாட்டுப் பிள்ளைகள், வேடிக்கைக்குச் செய்வதைப் போய் இவ்வளவு பெரிதாக்குவானேன்?" என்று கேட்கும் தோழர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவருக்காக ஓர் ஆராய்ச்சியைக் கூறுகிறேன். 1961-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியல் அறிஞர், மழலைப் பள்ளிக் குழந்தைகள் 72 பேரை வைத்துச் சோதித்தார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று. தள்ளினால் சாய்ந்து, மறுபடி நிமிரும். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு எதிரே, ஒரு பெரியவர் அந்தப் பொம்மையைக் குத்தினார், மரச்சுத்தியால் அடித்தார், தூக்கி எறிந்தார், வாயாலும் வைதார். இன்னொரு பகுதிக் குழந்தைகளுக்கு எதிரே, பெரியவர் பொம்மையை ஏறெடுத்தும் பார்க்காமல் வேறு விளையாட்டில் இருந்தார். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் காட்டவில்லை. பிறகு குழந்தைகளை அந்தப் பொம்மையோடு தனியே விட்டார்கள். முதற் பகுதிக் குழந்தைகள் என்ன செய்திருப்பார்கள் என்று நான் கூறவும் வேண்டுமா? அடித்தார்கள். அதே சுத்தியால், அதே இடத்தில், அதே சொல்லைச் சொல்லி அடித்தார்கள். அதோடு நிற்கவில்லை, பெரியவர் காட்டித் தராத அடிகளையும் தாமே புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள்!

இதற்குப் பின் 1965-இல் அவர் செய்த சோதனைதான் என்னை உலுக்கியது. இம்முறை படம் காட்டினார்கள். பொம்மையை அடித்த பெரியவருக்கு ஒரு படத்தில் பரிசு கிடைத்தது; மற்றொரு படத்தில் தண்டனை கிடைத்தது. தண்டனையைக் கண்ட குழந்தைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. நல்லது, திருந்தினார்கள் என்று நாம் எண்ணுவோம். ஆனால், "அவர் செய்ததைச் செய்துகாட்டு, பரிசு தருகிறேன்" என்றதும், அந்தக் குழந்தைகளும் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே செய்து காட்டினார்கள்! அடிக்காமல் இருந்த குழந்தையும் அடியைக் கற்று வைத்திருந்தது. உள்ளே இருந்தது, வெளியே வரவில்லை, அவ்வளவே.

பரிசு கிடைக்கும் என்றால் வெளியே வரும்.

நம் நாட்டில் பரிசுக்கா பஞ்சம்? வெட்டியவனுக்குச் சிறை வாசலில் மாலை. அவன் படத்தைப் போட்டுச் சுவரொட்டி. அவன் நடந்து வரும் காட்சிக்குச் சினிமாப் பின்னணி இசை சேர்த்துக் கைப்பேசியில் ஓட விடுகிறார்கள். 2018 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில், ரவுடி ஒருவர் தம் பிறந்தநாள் கேக்கை அரிவாளால் வெட்டினார். போலீசார் சுற்றிவளைத்து எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தனர். பிடித்தது செய்தி, ஆனால் பிள்ளைகள் கண்ணில் நின்றது கேக்கும் அரிவாளும்! அதன்பின் எத்தனை இளைஞர்கள், மாணவர்கள், பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் எடுத்துப்போட்டு, அடுத்த நாள் காவல் நிலையத்தில் கைகட்டி நின்றார்கள்! மெழுகுவத்தி ஊதி அணைக்கும் வாயில் இன்னும் பால் மணம். கையிலோ இரண்டடிக் கத்தி!

தெற்கே நடந்ததை அறிவீர்கள். 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பனிரண்டாம் வகுப்பு படித்த ஆதிதிராவிட மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூலிப்படையல்ல, கொள்ளைக்காரரல்ல, அவனோடு பள்ளியில் படித்த மாணவர்கள்! தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த குற்றம்? பள்ளியில் தனக்கு நேர்ந்த தொல்லையை ஆசிரியரிடம் கூறியது. அந்தப் பிள்ளை மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்து, மறு ஆண்டுத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றான். வெட்டுப்பட்ட கை அவனுடையது. தலைகுனிய வேண்டியது நாம்!

2025 மார்ச்சில், தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனை, வழிமறித்து இறக்கி வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. பிடிபட்டவர்கள் மூவரும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். கபடிப் போட்டியில் தங்கள் பிள்ளையின் அணி வென்றதே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். அடுத்த மாதமே பாளையங்கோட்டையில், எட்டாம் வகுப்பு மாணவன் புத்தகப்பையில் அரிவாள் கொண்டுவந்து வகுப்புத் தோழனை வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். பூசலின் தொடக்கம் ஒரு பென்சில்! சாதிகூட இல்லை, சண்டையின் காரணம் பென்சில்! பென்சிலுக்குச் சண்டை போடாத பிள்ளை உலகில் உண்டா? நாமும் போட்டோம், கடித்தோம், கிள்ளினோம், வாத்தியாரிடம் கோள் சொன்னோம். அந்தச் சண்டைக்குத் தீர்வு அரிவாள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றுகிறதே, அங்கேதான் நாம் இருக்கிறோம்.

"அதெல்லாம் தெற்கத்திச் சங்கதி ஐயா! நம் வேலூர்ச் சீமையில் ஏது?" என்பார்கள்.

ஏதா? சொல்கிறேன், கேளுங்கள்.

2019 ஆகஸ்ட். வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரம். தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பில் ஒருவர் இறந்துபோனார். சுடுகாட்டுக்குப் பாதை வேற்றுச் சாதியாரின் நிலத்தின் வழியே; அவ்வழி அடைக்கப்பட்டிருந்தது. உறவினர் என்ன செய்தார்கள்? பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து, பாடையைக் கயிற்றில் கட்டி, ஏறத்தாழ இருபதடி கீழே இறக்கினார்கள்! கீழே நின்றவர்கள் கைநீட்டி ஏந்திக்கொண்டார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவி, சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது.

அந்தப் பாலத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, அரிவாள் இல்லை, இரத்தம் இல்லை. ஆயினும் அதைவிடக் கொடிய அடி எது? பாலத்தின் மேல் நின்று பார்க்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். தன் தெருப் பிணம் கிணற்று வாளி போலக் கயிற்றில் இறங்குவதை அது பார்க்கிறது. நிலத்துப் பக்கமிருந்து பார்க்கும் பிள்ளையையும் எண்ணுங்கள். ஒரு பிணத்தின் வழியை மறிக்கும் வல்லமை தன் வீட்டுக்கு உண்டு என்பதை அது பார்க்கிறது. இரண்டும் ஒரே நாளில் பாடம் படிக்கின்றன. ஒன்று அஞ்ச, ஒன்று மிதிக்க. அல்லது, அஞ்சிய பிள்ளை ஒருநாள் திருப்பி அடிக்க.

2021 ஏப்ரல் 7, வாக்குப்பதிவுக்கு மறுநாள்: அரக்கோணம் அருகே சோகனூரில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளைஞர் இருவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 10: வாணியம்பாடியில், மாலைத் தொழுகை முடித்து வந்த அரசியல் கட்சிப் பொறுப்பாளர் ஒருவரை, தெருவில், அவருடைய சின்னஞ்சிறு மகன் அருகிருக்க, ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. அந்தக் கண்கள் கண்டதை எந்தக் கண் துடைக்கும்?

ஆம்பூரைப் பற்றியும் கூறத்தான் வேண்டும். கூறாமல் விட்டால் நான் பூசி மெழுகியவன் ஆவேன்.

2015 ஜூன். காணாமற்போன ஒரு பெண்ணைப் பற்றிய விசாரணைக்கென்று போலீசாரால் அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர் ஒருவர், மருத்துவமனையில் இறந்தார். காவலில் அடித்ததே காரணம் என்று குமுறல் எழுந்தது. காவல் ஆய்வாளர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 27-ஆம் நாள் இரவு ஆம்பூர் பற்றி எரிந்தது. நெடுஞ்சாலையில் வண்டிகள் நொறுங்கின, மதுக்கடை எரிந்தது, பேருந்துகள் உடைந்தன, பெண் காவலர் உட்படப் போலீசார் பலர் காயமுற்றனர். அந்தச் சாவுக்கு நியாயம் கேட்டவர்கள்பால் எனக்கு மாறுபாடு இல்லை. உயிர் போயிருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். கல்லைக் கையிலெடுத்தபோது, அந்த நியாயத்தின் மீதே அது விழுந்தது என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் இன்று நான் பேச வந்தது அடித்தவரைப் பற்றியுமல்ல, அடிபட்டவரைப் பற்றியுமல்ல. அன்றிரவு, கதவைத் தாழிட்டு, சன்னல் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றி. இந்து வீட்டுப் பிள்ளை பார்த்தது. இசுலாமியர் வீட்டுப் பிள்ளை பார்த்தது. போலீஸ் குடியிருப்பில் அப்பா திரும்பி வருவாரா என்று அழுத பிள்ளையும் பார்த்தது. ஒவ்வொரு வீட்டிலும் மறுநாள் பெரியவர்கள் பேசிய பேச்சு வேறு வேறு. ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பேச்சிலும் ஒரே ஒரு சொல் பொது: "அவனுங்க." அன்று ஏழு வயதான பிள்ளை, வழக்கின் தீர்ப்பு வரும்வரை காத்திருந்தால் பதினேழு வயதாகியிருக்கும்! திருப்பத்தூர் நீதிமன்றத்தில் 2025 ஆகஸ்டில்தான் தீர்ப்பு வந்தது. சிலருக்குத் தண்டனை, பலருக்கு விடுதலை. ஒரு வழக்குக்குள் ஒரு முழுக் குழந்தைப் பருவம் அடங்கிவிட்டது. நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்தது. சன்னலோரச் சாட்சிகளை யார் விசாரித்தார்கள்? "தம்பி, அன்று என்ன பார்த்தாய்? பார்த்ததைக் கொண்டு என்ன முடிவுக்கு வந்தாய்?" என்று எந்தப் பள்ளியில் கேட்டார்கள்?

கேட்கவில்லை. கேட்காததால் அவர்கள் விளையாடிக் காட்டுகிறார்கள்.

அரிவாளை மட்டும் பார்ப்பது போதாது, தோழர்களே. அரிவாளுக்கு முன்னே மிட்டாய் இருக்கிறது. 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த ஆதிதிராவிடர் தெருக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு போட்டாயிற்று, உங்கள் தெருவுக்கு எதுவும் விற்கமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பியனுப்பினார் கடைக்காரர். அதைப் படமாகவும் பிடித்துப் பரப்பினார்கள்! படத்தில் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார். சினம் இல்லை, அழுகை இல்லை. கையில் காசு இருக்கிறது, கடையில் மிட்டாய் இருக்கிறது, ஏன் கிடைக்காது என்ற குழப்பம். கடைக்காரர் கைதானார். ஆனால் அந்தக் கணக்கு, காசும் மிட்டாயும் சமன் ஆகாத அந்தக் கணக்கு, அந்தப் பிள்ளைகளின் மனத்தில் யாரால் திருத்தப்படும்?

மறு ஆண்டு செப்டம்பரில் இதே கதை தலைகீழாக. பள்ளியில் காலை உணவு. சமைப்பவர் ஆதிதிராவிடப் பெண். கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பள்ளியில், பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். உப்புமாவுக்குச் சாதி உண்டென்று எந்தக் குழந்தையின் நாக்கு கண்டுபிடித்தது? பசித்த வயிறு மறுக்குமா? பெற்றவர்கள் மறுக்கச் சொன்னார்கள். மாவட்ட ஆட்சியர் போனார், நாடாளுமன்ற உறுப்பினர் போனார், பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டார்கள், பிள்ளைகளும் உண்டார்கள். அந்தப் பிள்ளைகள் மனம் மாற ஒரு வேளைச் சாப்பாடு போதுமாயிருந்தது! அப்பன்மாருக்கு ஒரு நூற்றாண்டு போதவில்லை. ஆம், நூறாண்டு! சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில், பொதுப்பணத்தில் நடந்த பள்ளியில், பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி என்பதை எதிர்த்து வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் போர்க்கொடி உயர்த்தியது 1924, 1925-இல். பிள்ளைகளின் சோற்றுத் தட்டில் தொடங்கிய சண்டை அது. அன்று பந்தியில்; இன்று சமையற்கட்டில். இலை மாறிவிட்டது, எச்சில் மாறவில்லை.

இனி, சாதியையும் மதத்தையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டுக்குள் வருவோம். இந்த இடத்தில் பேச எனக்கே வாய் கூசுகிறது. ஆயினும் பேசுகிறேன்.

என் தந்தை டிரம் ஓட்டியவர். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். மேற்பார்வையாளர் ஒருவர், வயதில் என் தந்தையை விட இளையவர், அவரை "டேய்" என்றுதான் அழைப்பார். ஒருநாள் சரக்கில் கறை விழுந்ததென்று எல்லாரும் பார்க்கக் கன்னத்தில் அடித்தார். என் தந்தை திருப்பி ஒரு சொல் சொல்லவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்தார், குழம்பில் உப்பில்லை என்றார், அம்மாவை அடித்தார். அம்மா, புத்தகம் கிழிந்திருந்ததென்று என்னை அடித்தாள். நான் தம்பியைத் தெருமுனைக்கு இழுத்துப்போய் அடித்தேன். அடிக்கும்போது நான் சொன்ன சொல், என் தந்தை அம்மாவிடம் சொன்ன அதே சொல். அது அந்த மேற்பார்வையாளரின் சொல் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். ஒரே ஓர் அடி, கைமாறிக் கைமாறி, ஷிப்டு முடிந்து வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறது! தம்பி யாரை அடித்தான்? எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது.

இது என் வீட்டுக் கதை மட்டுமா? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறோம். பிள்ளை தூங்குகிறது என்று எண்ணுகிறோம். பிள்ளை தூங்குவதில்லை, தோழர்களே! போர்வைக்குள் விழித்துக் கிடக்கிறது. எனக்குத் தெரியும், நான் அந்தப் போர்வைக்குள் கிடந்தவன்.

பள்ளியிலே பிரம்பைச் சட்டம் பிடுங்கிவிட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலாலும் உள்ளத்தாலும் வதைப்பதைத் தடை செய்கிறது. வீட்டில் நம் கையிலிருக்கும் இடுப்பு வாரைப் பிடுங்க எந்தப் பிரிவு வரும்?

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவைக் கொண்டு அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை தந்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி பள்ளியில் கூடாது. பள்ளிகளின் பெயரில் உள்ள சாதி அடைமொழி நீங்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எதுவும் இருத்தலாகாது. இப்படிப் பல பரிந்துரைகள். கயிற்றுக்குத் தடை என்பது புதிதன்று. 2019-இலேயே பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விடுத்தார். உடனே எழுந்தது கூச்சல்; அன்றைய அமைச்சர் பின்வாங்கிக்கொண்டார். அரையணாக் கயிறு, அதை அறுக்க அரசாங்கத்துக்குக் கை நடுங்கியது! கயிற்றை அறுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆம்பூர்த் தெருவிலே அந்தப் பிள்ளைகள் கயிறு கட்டவில்லையே, தோல் வார் அல்லவா கட்டியிருந்தார்கள்! தோலைத் தடை செய்தால் நாளைக்கு வாழைநாரைக் கட்டுவார்கள். மணிக்கட்டுக்கு மேலே, எங்கோ கட்டியிருக்கிறதே ஒரு கயிறு, அதை எந்தச் சுற்றறிக்கை அறுக்கும்?

அறுக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது; அதையும் கூறிவிடுகிறேன். 1954-இல், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், முசாபர் ஷெரிப் என்ற அறிஞர் 22 சிறுவரை ஒரு காட்டு முகாமுக்கு அழைத்துப் போகச் செய்தார். எல்லாருக்கும் பதினொரு வயது போல. ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரிக் குடும்பம், முன்பின் அறியாதவர்கள். இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டம் தனக்குக் கழுகுகள் என்று பெயர் வைத்தது. மற்றது கிலுகிலுப்பைப் பாம்புகள் என்று. பந்தயம் வைத்தார்கள், பரிசு வைத்தார்கள். சில நாட்களுக்குள் கொடியை எரித்தார்கள், குடில் புகுந்து சூறையாடினார்கள், காலுறைக்குள் கல்லைக் கட்டி ஆயுதமாக்கினார்கள்! சாதி இல்லை, மதம் இல்லை, முன்பகை இல்லை. இரண்டு பெயரும் ஒரு பரிசும் போதுமாயிருந்தது. (இதிலே கவனிக்க வேண்டியது, பிரித்ததும் பெரியவர்கள், பந்தயம் வைத்ததும் பெரியவர்கள்!)

பிறகு சேர்க்க முயன்றார்கள். ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். சோற்றை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். ஆகவே, வெறும் சமபந்தி மட்டும் போதாது போலும். இது எனக்குப் பிடிக்காத முடிவு, ஆனாலும் முடிவு. பின் என்ன செய்தார்கள்? முகாமுக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தாகம். எல்லாருமாக மலையேறித் தொட்டியைத் தேடிப் பார்த்து, அடைப்பை நீக்கினார்கள். இன்னொரு நாள் வண்டி நின்றுபோயிற்று. இரண்டு கூட்டமும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். எந்தக் கயிறு? முன்பு கயிறிழுக்கும் பந்தயத்தில் எதிரும் புதிருமாக நின்று இழுத்தார்களே, அதே கயிறு! இறுதிநாள், திரும்புகிற வழியில், பரிசாகக் கிடைத்த ஐந்து டாலரை வைத்து ஒரு கூட்டம் எல்லாருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது.

தண்ணீர்! இங்கே அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குப் பாலாறுதான் நினைவுக்கு வந்தது. தோல் கழிவால் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் கெட்டது என்பதை 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துக் கூறியது. 2025 சனவரியில் மறுபடியும் அதே பாலாற்றுக்காக உச்சநீதிமன்றம் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. கெட்ட நீர் எந்தத் தெருவை விட்டுவைத்தது? மசூதித் தெருக் கிணறும் உப்பு; சேரிக் கிணறும் உப்பு; முதலியார் தெருக் கிணறும் உப்பு. ஓக்லஹோமாவில் அறிஞர் ஒருவர் செயற்கையாக அடைத்துவைத்த தொட்டி, நமக்கு இயற்கையாகவே அடைந்து கிடக்கிறது. மலையேறத்தான் ஆளில்லை.

தொழிற்சாலைக்குள் நாம் ஒன்றாகத்தானே இருக்கிறோம்? ஒரு ஷூவை எடுத்துப் பாருங்கள். பதனிட்டவன் ஒரு தெரு. வெட்டியவன் ஒரு தெரு. தைத்தவள் ஒரு தெரு. அடிப்பாகம் ஒட்டியவன் இன்னொரு தெரு. நான்கு தெரு சேர்ந்து ஒரு காலுக்குச் செருப்பு! கம்பெனிப் பேருந்தில் பர்தா அணிந்த அக்காவும் பொட்டு வைத்த அக்காவும் ஒரே இருக்கையில் தோள்மேல் தலை சாய்த்துத் தூங்கி வருகிறார்கள். பேருந்து நின்றது, இறங்கினார்கள், இரண்டு திசையில் நடந்தார்கள். அந்தத் தோளையும் அந்தத் தூக்கத்தையும் அவர்களின் பிள்ளைகள் ஒருநாளும் கண்டதில்லை! அவர்கள் கண்டதெல்லாம் இறங்கியபின் நடக்கும் அந்த இரண்டு திசையைத்தான். தொழிற்சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளையும் அழைத்து வந்தால் என்ன என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "பிள்ளைகள் வந்தால் கூச்சல், பேச்சாளர் பேச முடியாது" என்றார்கள். பேச்சாளன் நான்தான். பேசாமலே இருந்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து, அதே தெருவுக்கு வேறு வேலையாக மீண்டும் போயிருந்தேன். தேடிப் பார்த்தேன். பத்து வயதுக்காரனைக் காணோம். பாட்டி வீட்டுக்குப் பேரணாம்பட்டு போயிருப்பதாகச் சொன்னார்கள். ஆறு வயதுக்காரன் இருந்தான். பனைமட்டை இப்போது அவன் கையில். பிடிப்பக்கம் துணி புதிதாகச் சுற்றியிருந்தது.

அவன் தங்கை, நான்கு வயது இருக்கும், மண்ணில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தாள். மூச்சு விடும்போது வயிறு அசைந்தது. அவன் குனிந்து, பொறுமையாக, செத்தவர்கள் அப்படி மூச்சு விடமாட்டார்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.